ஜெயக்கொடி சொல்லாத பெயர்

திருமங்கலத்தில் பேருந்தை விட்டு இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், சௌந்தரபாண்டியன் கடை எங்கே என்று. ஆணி, பெயின்ட், குழாய், சோலார் தகடு எல்லாம் விற்கிற ஹார்டுவேர்ஸ் கடை. கடையைவிடப் பெயர்ப்பலகை பெரியது என்று ஊரில் கேலி உண்டு. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். "சௌந்தரபாண்டியன் பேசுறேன்" என்பார். பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போன கல்யாணத்துக்குப் போக மாட்டார்.

ஊரே சொல்கிற அந்தப் பெயரைச் சொல்லாத ஒரே ஆள் அவர் மனைவி ஜெயக்கொடி. கோயில் அர்ச்சனைக்கு ஐயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிற கணவரைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் சொல்ல வேண்டும். பேசினால் திறக்கிற கதவும் தானே அணைகிற அடுப்பும் வீட்டுக்கு வந்துவிட்டன. அவள் மட்டும் மாறவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது, கண்ணெதிரே இருக்கிற தட்டுக்குப் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் நினைவுப் பிரிவின் பொறியாளர் நஸ்ரின் என்ற பெண்தான் விளக்கிச் சொன்னாள்.

"அம்மாவோட பழைய நினைவு எதுவும் அழியலைங்கய்யா. எது எங்க இருக்குன்னு தேடி எடுக்கிற இடம்தான் போயிருச்சு. அந்த வேலையை ஒரு சிப்பைச் செய்ய வைப்போம்."

வைத்தார்கள். சில மாதங்கள் அந்தச் சிப் ஜெயக்கொடியின் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் எந்தச் சொல்லைச் சொல்லி எதைத் தேடினாளோ, அந்தச் சொல்லையே அதற்கு முகவரியாகக் குறித்துக்கொண்டது. மகள் பவித்ரா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவுடன் இருந்து, நாளெல்லாம் பேச வைத்தாள். பழைய ஜெயக்கொடி முக்கால்வாசி திரும்பி வந்தாள். புதிதாக நடப்பது மட்டும் அவளிடம் நிற்காது. இன்று சொன்னது நாளை மறுநாள் இருக்காது.

அம்மா தேறியதும் பவித்ரா ஓசூருக்கு வேலைக்குத் திரும்பினாள். கொஞ்ச நாளில் அங்கேயே ஜெகதீசன் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் நல்லவன், வேலையும் நல்ல வேலை, சாதிதான் வேறு. சௌந்தரபாண்டியன் கடை வாசலில் நின்று, தெருவே பார்க்க ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "எனக்கு மகளே இல்லை" என்றார். அவருடைய ஆட்களில் மகளைத் தலைமுழுகுவது என்றால் அதுதான். பிறகு ஈர வேட்டியோடு போய் வியாபாரம் பார்த்தார்.

கடையில் முடிந்த கதை வீட்டில் முடியவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஜெயக்கொடி வாசலுக்கு வருவாள்.

"பவி இன்னும் வரலையா? வந்துரட்டும். உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்."

ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னார். அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவள்போல நிலைகுலைந்து அழுதாள். "நேரத்துல சொல்லாமப் போயிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நோய் பேசுகிறது என்று நினைத்தார். இரண்டு நாளில் மறந்து, மறுபடி கேட்டாள், மறுபடி அழுதாள். பிறகு "வருவா, வருவா" என்று பொய் சொல்லிப் பார்த்தார். அவள் சாப்பிடாமல் காத்திருந்தாள். என்ன விஷயம் பேச வேண்டும் என்று மட்டும் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டில் பேசுவதற்கு இருக்கும் விஷயம் பருப்பு விலையைத் தாண்டாது என்பது அவருடைய அபிப்பிராயம்.

அதனால்தான் நஸ்ரினிடம் போனார்.

"அவ அழுறதைப் பாக்க முடியலம்மா. பவி நெனப்பை மட்டும் எடுத்துருங்க. அவளுக்காகத்தான் கேக்குறேன்."

அதில் பாதி உண்மை, பாதி கோபம். எது எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது.

"நினைவை எடுக்க முடியாதுங்கய்யா. அதுக்குப் போற அட்ரஸை வேணா எடுக்கலாம்" என்றாள் நஸ்ரின்.

"ரெண்டும் ஒன்னுதானே?"

"இல்லையே. உங்க கடையையே எடுத்துக்குங்க. ஒருத்தர் வந்து போல்ட் கேக்குறாரு. உங்க கையிலயே இருந்தா என்ன செய்வீங்க?"

"நீட்டிருவேன்."

"கையில இல்லைன்னா?"

"மூணாவது ரேக்குல இருக்கு, எடுத்துக்கம்பேன்."

"எந்த ரேக்குன்னு உங்களுக்கே தெரியலைன்னா?"

"முருகையாவைக் கேளும்பேன். சரக்கு வைக்கிறது அவன்தானே?"

"சிப்புக்குள்ள இருக்கிற பிராசஸரும் அப்படித்தான் தேடுது. சில சமயம் வேண்டிய பொருள் அதுக்குக் குடுக்கிற கட்டளையிலேயே இருக்கும். சில சமயம் பொருள் இருக்கிற இடத்தோட நம்பர் இருக்கும். சில சமயம், இன்ன இடத்துக்குப் போ, பொருள் எங்க இருக்குன்னு அங்க எழுதியிருக்கும்னு இருக்கும்."

"முருகையா லீவு போட்டுட்டா?"

"சரக்கு கடையிலதான் இருக்கும். உங்களுக்குத்தான் கிடைக்காது."

சௌந்தரபாண்டியன் சிரித்தார். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. நஸ்ரின் சிரிக்கவில்லை.

"அதான் யோசிக்கச் சொல்றேன். எடுத்த அட்ரஸை நாங்க பிரதி வச்சுக்கக் கூடாது, அது விதி. பவித்ராவை எடுத்தா அவங்க வழியாப் போற வேற யாராவது அறுந்துருவாங்களான்னு பாத்துடுவோம். பேரைக் குடுத்தாத்தான் இது தேடும். குடும்பத்துல இருக்கிறவங்க பேரைச் சொல்லுங்க."

"சௌந்தரபாண்டியன்" என்றார், நாற்காலியில் நிமிர்ந்து. நஸ்ரின் தட்டினாள். அந்தப் பெயருக்கும் பவித்ராவுக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்றது இயந்திரம். கொழுந்தியாள் பெயர், மச்சான் பெயர் எல்லாம் சொன்னார். எதற்கும் தொடர்பு இல்லை. நஸ்ரினின் அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. "காதர், டீ ஆறுது!" என்று புருஷனை நாலு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுகிறவர். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

பராமரிப்பவர் கேட்டால் எடுக்கலாம் என்று விதி இருந்தது. ஜெயக்கொடியை யாரும் கேட்கவில்லை. அவள் அப்போது வெளியே பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் மல்லிகைப்பூ விலையை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

முகவரியை எடுப்பதற்காகப் போட்ட ஊசி மருந்தின் அசதியில் ஜெயக்கொடி காரில் வீடு வரைக்கும் தூங்கினாள். சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, விளக்கு வைத்தாள். வாசலுக்குப் போகவில்லை. பவி வந்தாளா என்று கேட்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த சௌந்தரபாண்டியனுக்கு, நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. டி.வி.யைப் போட்டார்.

சத்தம் கேட்டுத் திரும்பிய ஜெயக்கொடி அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"யாரைப் பாக்க வந்தீக?"

"என்ன விளையாட்டு இது?"

"வீட்டுல ஆம்பளைக யாரும் இல்லைங்க. எங்க வீட்டுக்காரவுக..." அவள் நிறுத்தினாள். நெற்றியைத் தடவினாள். "எங்க போயிருக்காகன்னு தெரியலை. பொறவு வர்றீகளா?"

அவர் எழுந்து நின்றார். நின்றதைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் கொடுக்காமல், அந்நியருக்கு வைப்பதுபோல ஸ்டூலில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சுவரில் அவருடைய கடை காலண்டர் தொங்கியது. அதைக் காட்டி, "இதை வாசிச்சுப் பாரு" என்றார்.

"சௌந்தரபாண்டியன் ஹார்டுவேர்ஸ்" என்று எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். "சௌந்தரபாண்டியன்ங்கிறது நீங்கதானா? நல்ல பேரு."

கல்யாணமான புதிதில், "ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன், யாரும் கேக்கலை" என்று கெஞ்சியிருக்கிறார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள். இப்போது எந்த வெட்கமும் இல்லாமல், பேருந்தின் பலகையை வாசிப்பதுபோலச் சொன்னாள். சௌந்தரபாண்டியனுக்கு அழுகை வந்தது. அழுதார். யாரோ ஒரு பெரியவர் தன் வீட்டில் உட்கார்ந்து ஏன் அழுகிறார் என்று புரியாமல் ஜெயக்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நஸ்ரின் சிப்பை மறுபடி சோதித்தாள். வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

"ஐயா, உங்க பேரு அம்மா சிப்புல எங்கயுமே இல்லை. நேத்து எடுபட்டுப் போகலை. முதல்லருந்தே இல்லை. அதான் தொடர்பு இல்லைன்னு காட்டியிருக்கு. அவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"



"பவி அப்பா."

நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் விளக்கத் தொடங்குவதற்குள் அவரே சொன்னார்.

"முருகையா லீவு போட்டுட்டான்."

"நான் கேட்டிருக்கணுங்கய்யா. பேரை மட்டும் கேட்டுட்டேன். பவித்ரா பிறக்கிறதுக்கு முன்னாடி எப்படிக் கூப்பிடுவாங்க?"

"'இந்தாங்க'ம்பா."

"அது யாரு முன்னால நின்னாலும் பொருந்துமே. அதை வச்சு உங்களைத் தேட முடியாது." கொஞ்சம் யோசித்தாள். "ஒன்னு செய்யலாம். கையில இருக்கிறதை நீட்டுற மாதிரி, உங்க பேரையும் முகத்தையும் 'கணவர்'னு நானே நேரா எழுதிடறேன். அந்த விவரம் மட்டும்தான் இருக்கும். உங்க கூட வாழ்ந்த நினைவு எல்லாம் பழைய வழியிலதான் இருக்கு."

"எழுதும்மா. அது போதும்" என்றார். மகளைக் கூப்பிடாமல் காரியம் முடிந்தால் நல்லது என்ற நினைப்பு அப்போதும் அவருக்கு இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "சௌந்தரபாண்டியன், சாப்பிட வாங்க."

பால் ஊற்ற வந்தவர் திகைத்து நின்றார். சௌந்தரபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தார். பரிமாறினாள், குறை ஒன்றும் இல்லை. அவர் தன் கணவர் என்பது, சென்னை தலைநகரம் என்பதுபோல அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு ரசத்தில் பெருங்காயம் பிடிக்காது என்பது தெரியவில்லை.

"நமக்குக் கல்யாணம் எந்த ஊர்ல நடந்துச்சு?" என்று கேட்டாள். சொன்னார். கல்யாணமான வருடம் அழகர்கோயில் போய்விட்டு ஸ்கூட்டரில் மழையில் மாட்டிக்கொண்டது, ஒரே பிளாஸ்டிக் உரச்சாக்கை இரண்டு பேரும் தலையில் பிடித்துக்கொண்டு ஒரு டீக்கடை வாசலில் நின்றது, அவள் விடாமல் சிரித்தது எல்லாம் சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சாயங்காலங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. சில நாள் கழித்து, விளக்கு வைத்ததும் அவள் மறுபடி வாசலுக்குப் போக ஆரம்பித்தாள். தெருவை எட்டிப் பார்ப்பாள், உள்ளே வருவாள், மறுபடி போவாள்.

"யாரைத் தேடுற?"

"தெரியலை, சௌந்தரபாண்டியன். யாரோ வரணும். வந்தா ஒன்னு சொல்லணும்னு வச்சிருந்தேன். யாரு, என்னன்னு தட்டுப்பட மாட்டேங்குது." முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். முன்பு அழுது தீர்த்தாள். இப்போது எதற்கு அழுவது என்றும் தெரியாமல் நிற்கிறாள். இதை இவளுக்குச் செய்தது நான்தான் என்று அவருக்கு உறைத்தது.

நஸ்ரினுக்குப் போன் செய்து, பவியை எப்படித் திரும்ப வைப்பது என்று கேட்டார்.

"நான் எழுதினா உங்க பேரு மாதிரி வெறும் விவரமாத்தான் நிக்கும். சிப் தானாக் குறிச்சுக்கணும். அம்மா கூப்பிடணும், கூப்பிட்டா அவங்க 'என்னம்மா'ன்னு திரும்பணும். தினமும், பல நாள். பவித்ரா வந்து இருக்கணுங்கய்யா. வேற வழி இல்லை."

மகளின் எண்ணைப் போனிலிருந்து அழித்து வெகுநாளாகியிருந்தது. விரல் மறக்கவில்லை. கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், கடை போனிலிருந்து அழுத்தினார்.

"ஹலோ, யாருங்க?"

எத்தனையோ வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை.

"பவி அப்பா பேசுறேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு, "அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னார். கடையில் ஆணி எடுத்துக்கொண்டிருந்த முருகையா கேட்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை. "உன்னை அவகிட்டருந்து எடுக்கச் சொன்னேம்மா. உன் கூட நானும் போயிட்டேன். நீ வந்தாத்தான் உண்டு."

பவித்ரா அழுதாள் என்பது மூச்சில் தெரிந்தது. ஆனால் குரலை இறுக்கிக்கொண்டு சொன்னாள்: "அவரும் வருவாரு. வாசல்ல நிக்க வைக்கிறதா இருந்தா நான் வரலை."

"வரட்டும்."

"உள்ள?"

"உள்ளதாம்மா."

வந்தார்கள். முதல் வாரம் ஜெயக்கொடி மகளை நர்ஸ் என்று நினைத்தாள். மருமகனைக் குழாய் ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்தாள். அவன் குழாயையும் ரிப்பேர் செய்து கொடுத்தான். பவித்ரா காலையில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, "கூப்பிடும்மா, பவின்னு கூப்பிடு" என்பாள். அம்மா கூப்பிடுவாள். "என்னம்மா" என்று மகள் திரும்புவாள். அடுப்படியிலிருந்து, மாடியிலிருந்து, கிணற்றடியிலிருந்து, "என்னம்மா", "என்னம்மா". சில நாள் குரல் கம்மிப்போய்விடும். ஜெகதீசன் வெந்நீரில் மிளகு போட்டுக் கொடுப்பான். சௌந்தரபாண்டியன் கடையிலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரு சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஜெயக்கொடி கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"பவி அப்பா, எப்ப வந்தீக? ஒரு சத்தம் குடுக்க மாட்டீகளா?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் வந்து, அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லவேளை, பவியும் வீட்டுல இருக்கா. உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்."

"என்ன விசயம்?" என்றார். அதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கோவப்படக் கூடாது. பவி ஒரு பையனை விரும்புறா. ஜெகதீசன்னு பேரு. வேற ஆளுகதான், அதை உங்ககிட்ட மறைக்கலை. நான் போன்ல பேசிப் பாத்தேன், தங்கமான பையன். 'நீ அவசரப்பட்டு எதுவும் செஞ்சுறாத, அப்பாகிட்ட நான் சம்மதம் வாங்கித் தர்றேன்'னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இந்தக் காய்ச்சல் வந்து எல்லாம் தள்ளிப் போயிருச்சு."

அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. காய்ச்சலுக்கு முன்பே மகள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அத்தனை சாயங்காலமும் இவள் வாசலில் நின்றது இதைக் கேட்கத்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்ன விஷயம் என்று கேட்டிருந்தால்!

"என்ன பேச மாட்டேங்குறீக? தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லை ஜெயக்கொடி. நீ சொன்னா சரிதான். எனக்குச் சம்மதம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அந்தப் பையனை வரச் சொல்லு."

அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். "பவீ, அப்பா சம்மதிச்சுட்டாகடி!" என்று கூவினாள். உள்ளேயிருந்து பவித்ரா ஓடிவந்தாள். பின்னாலேயே ஜெகதீசன், கையில் கத்தியும் கண்ணில் வெங்காயத் தண்ணீருமாக வந்து நின்றான்.

"இவருதாம்மா ஜெகதீசன்."

"அதுக்குள்ள வந்துட்டாரா!" என்று ஜெயக்கொடி வியந்துபோனாள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் விளக்கு வைத்ததும் அவள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும், கோவப்படக் கூடாது" என்றாள். அவர் கோபப்படாமல் கேட்டு, மறுபடி சம்மதித்தார்.

மாதாந்திரச் சோதனைக்குப் போனபோது நஸ்ரின் ஒரு யோசனை சொன்னாள். "கல்யாணம் ஆயிருச்சு, நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னு சிப்புல நேரா எழுதிடவாங்கய்யா? அம்மா அதுக்கப்புறம் கேக்க மாட்டாங்க."

"வேணாம்மா" என்றார் சௌந்தரபாண்டியன். "அவ கேக்கட்டும்."

இப்போதெல்லாம் விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினால் கல்லாவை முருகையாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். எங்கே இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களிடம், வீட்டில் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது என்று சொல்கிறார்.